பழைய டர்போசார்ஜரை வாங்குமுன் பரீட்சிக்கும் முறை

டிராக்டர்களும் நெல் அறுவடை யந்திரங்களும் கிராமந்தோறும் பெருகிவிட்ட இக்காலத்தில், அவற்றிற்குரிய உதிரிச் சாமான்களைப் பழையனவாகப் பார்த்துக் கிரயத்துக்கு வாங்கும் வழக்கமும் பெருகியிருக்கிறது. சென்னைப் புதுப்பேட்டையிலும் மற்றப் பெரிய ஊர்களிலும் உள்ள பழைய சாமான் கடைகளில், லாரிகளினின்றும் டிராக்டர்களினின்றும் கழற்றிய டர்போசார்ஜர்கள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கக் காணலாம். புதியதன் விலையைக் கேட்டு மலைத்து நிற்கும் விவசாயி, அதிற் சொற்பப் பாகத்துக்கு ஒன்று கிடைக்கிறதென்றால் அதை நாடுவது இயல்பே. அவ்வாறு வாங்குவது எப்பொழுதும் தவறென்று சொல்வதற்கில்லை. நல்ல நிலையிலுள்ள பழைய டர்போ பல வருஷம் உழைக்கக்கூடும். ஆனால் ஆராயாமல் வாங்கியது குறுவை அறுப்பின் நடுவில், மழை கருக்கட்டி நிற்கும் வேளையில், யந்திரத்தை வயலிலேயே நிறுத்திவிடவுங் கூடும். சில சமயங்களில் எஞ்ஜினையே அழித்துவிடும். ஆகையால், கையிலுள்ள சாதாரணக் கருவிகளைக் கொண்டு, பணத்தைக் கொடுக்குமுன் அதனைப் பரீட்சிக்கும் முறை இங்கு விவரிக்கப்படுகிறது.

டர்போசார்ஜரின் அமைப்பு

ஓர் எஞ்ஜின் எவ்வளவு டீசலை எரிக்கலாம் என்பது அதனுள் செல்லும் காற்றின் அளவைப் பொறுத்தது. 1 கிலோ டீசல் முழுவதும் எரிவதற்கு ஏறக்குறைய 14½ கிலோ காற்று வேண்டும். காற்றுக் குறைந்தால் எரியாத டீசல் கரும்புகையாக வெளியேறும். டர்போசார்ஜர் என்பது, வீணாக வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே அதிகக் காற்றை எஞ்ஜினுக்குள் அழுத்தித் தள்ளும் கருவியாகும். இம்முறைக்கு ஸ்விட்ஸர்லாந்து தேசத்து எஞ்ஜினீயர் ஆல்பிரட் பூஹி என்பவர் 1905-ஆம் வருஷத்தில் காப்புரிமை பெற்றார். விவசாய டிராக்டரில் தொழிற்சாலையிலேயே இதைப் பூட்டி விற்றது 1961-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் வெளிவந்த அல்லிஸ் சால்மர்ஸ் டி-19 என்னும் டீசல் டிராக்டரிலாகும்.

இக்கருவியில் ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரண்டு சிறு சக்கரங்கள் உண்டு. புகை செல்லும் பக்கத்துச் சக்கரம் டர்பைன் எனப்படும். அது மிகுந்த உஷ்ணத்தைத் தாங்கக்கூடிய நிக்கல் கலந்த உலோகத்தாலானது. காற்றை அழுத்தும் பக்கத்துச் சக்கரம் கம்ப்ரஸர் எனப்படும். அது அலுமினியத்தாலானது. இவ்விரண்டிற்கும் நடுவேயுள்ள கூட்டில் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் உள்ளன. பெரும்பாலான டர்போக்களில் இவை குண்டுப் பேரிங்குகள் அல்ல, வெண்கலப் புஷ்களே. எஞ்ஜினிலிருந்து அழுத்தத்துடன் வரும் ஆயில் புஷ்ஷின் உள்ளும் புறமும் மெல்லிய படலமாகப் பரவித் தண்டை மிதக்கச் செய்கிறது. வேலை செய்யும்பொழுது தண்டு நிமிஷத்திற்கு 1,00,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும். டர்பைன் பக்கத்தில் புகையின் உஷ்ணம் 600 முதல் 700 டிகிரி சென்டிகிரேடு வரை ஏறும். இத்தகைய வேகத்திலும் உஷ்ணத்திலும் தண்டுக்கு ஆதாரமாயிருப்பது அவ்வாயிற் படலம் ஒன்றேயாம். இதனை நினைவிற் கொண்டால், பின்வரும் பரீட்சைகளின் தாத்பரியம் எளிதில் விளங்கும்.

டர்போ கெடுவதற்குரிய காரணங்கள்

டர்போசார்ஜர் தானாகத் தேய்ந்து கெடுவது குறைவு. பிறவற்றின் குற்றத்தாற் கெடுவதே அதிகம். காரணங்கள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, ஆயில் வாராமை அல்லது தாமதித்து வருதல். இரண்டாவது, ஆயிலில் அழுக்கும் கரியும் கலந்திருத்தல். மூன்றாவது, காற்றுடன் தூசியோ கல்லோ நட்டோ உள்ளே புகுதல். நெல் உமியில் மணற் சத்தாகிய சிலிக்கா மிகுதியாக உள்ளது. ஆகையால் அறுவடைக் களத்துத் தூசி மற்றத் தூசியைக் காட்டிலும் கொடியது. ஏர் பில்டர் கிழிந்தோ, அதற்கும் டர்போவுக்கும் இடையேயுள்ள ரப்பர்க் குழாய் வெடித்தோ இருந்தால், அத்தூசி கம்ப்ரஸர் இலைகளை அரம் கொண்டு தேய்த்தாற்போல் தேய்த்துவிடும்.

இம்மூன்று காரணங்களும் தத்தம் அடையாளத்தை டர்போவின்மீது பொறித்துச் செல்கின்றன. பழைய டர்போவைப் பரீட்சிப்பதென்பது இவ்வடையாளங்களைப் படிப்பதேயன்றி வேறன்று. பளபளப்பைப் பார்த்து வாங்குகிறவன் ஏமாறுவான். அது எவ்வாறு உழைத்தது, எதனாற் கழற்றப்பட்டது என்பதைப் பார்த்து வாங்குகிறவன் தப்புவான்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

கடைக்குச் செல்லுமுன், தன் யந்திரத்துக்கு வேறு டர்போ உண்மையில் தேவைதானா என்பதை விவசாயி நிச்சயித்துக்கொள்ள வேண்டும். எஞ்ஜின் இழுவை குறைந்து கரும்புகை தள்ளினால், உடனே டர்போவின்மேற் குற்றம் சாட்டுவது பட்டறைகளில் வழக்கமாயிருக்கிறது. ஆனால் ஏர் பில்டர் அடைபட்டாலும், டர்போவிலிருந்து எஞ்ஜினுக்குக் காற்றுச் செல்லும் குழாயின் கிளிப்பு தளர்ந்தாலும், நாசில் ஒழுகினாலும் இதே குறிகள் தோன்றும். ஏர் பில்டர் அடைபட்டபொழுது கம்ப்ரஸர் வாயிலில் வெறுமை உண்டாகி, நடுக்கூட்டிலுள்ள ஆயிலை உறிஞ்சி இழுக்கும். அப்பொழுது நல்ல டர்போவும் ஆயில் ஒழுகுவதுபோற் காணும். எஞ்ஜினின் மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தாலும், டர்போவிலிருந்து ஆயில் இறங்கும் குழாய் நசுங்கியிருந்தாலும் இவ்வாறே நேரும். இவற்றையெல்லாம் முதலிற் சரிபார்க்க வேண்டும். காரணத்தை நீக்காமல் வேறு டர்போவைப் பூட்டினால், பழையதைக் கொன்ற குற்றமே புதியதையும் கொல்லும்.

எஞ்ஜினுக்குப் பொருத்தம்

டர்போவின்மீது ஒரு சிறு தகடு பொருத்தப்பட்டிருக்கும். அதில் தயாரிப்பாளர் பெயர், மாதிரி, பாக எண் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். தன் யந்திரத்தின் பழைய டர்போவிலுள்ள எண்களை எழுத்துக்கு எழுத்துக் குறித்துக்கொண்டு போதல் அவசியம். வெளித்தோற்றம் ஒன்றாயிருந்தும் உட்சக்கரத்தின் அளவு வேறாயிருப்பது சர்வ சாதாரணம். தகடு இல்லாததையும், தகட்டின் எழுத்துகள் அராவப்பட்டிருப்பதையும் வாங்கக் கூடாது.

இவ்விடத்தில் மற்றொரு விஷயத்தையும் கூற வேண்டும். சில விவசாயிகள், சேற்று உழவுக்கும் பாரம் இழுப்பதற்கும் சக்தி கூடுமென்று எண்ணி, லாரிகளினின்று கழற்றிய பெரிய டர்போவை டிராக்டரில் பூட்ட விரும்புகின்றனர். இது பிரயோஜனமற்றதோடு தீமையும் பயக்கும். பெரிய சக்கரத்தைச் சுழற்றப் புகை அதிகம் வேண்டும். டிராக்டர் எஞ்ஜின் குறைந்த சுற்றுகளிலேயே பாரத்தை இழுக்க வேண்டியிருப்பதால், இழுவை வேண்டிய சமயத்தில் பெரிய டர்போ விழித்துக்கொள்வதில்லை, கரும்புகைதான் மிஞ்சும். அக்குறையைப் போக்க டீசல் பம்பின் ஸ்குரூவைத் திருப்பி டீசலைக் கூட்டினால், புகையின் உஷ்ணம் வரம்பு மீறிப் பிஸ்டன் உருகும். ஹெட் காஸ்கெட் பிளக்கும். கிளட்சும் பின் அச்சுப் பற்சக்கரங்களும் தாங்கமாட்டா. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலிற் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதை 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் கிராம அதிகாரிகள் எடுத்துச் சொல்லலாம்.

50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023-ஆம் வருஷம் ஜனவரி முதல் டிரெம் நான்காம் படிப் புகை விதிகள் அமுலுக்கு வந்துள்ளன. இத்தகைய எஞ்ஜின்களில் டீசலையும் காற்றையும் மின்னணுக் கட்டுப்பாடு ஆள்கிறது. மின்சார இயக்கியுடன் கூடிய டர்போவைக் கையாற் பரீட்சித்து நிலை காண இயலாது. அவற்றிற்குப் பழைய டர்போவை நாடாமல், கம்பெனிப் பட்டறையின் ஆலோசனையைப் பெறுவதே உத்தமம். இனிக் கூறப்படும் பரீட்சைகள் சாதாரண டர்போக்களுக்கே உரியவை.

பரீட்சிக்கும் முறை

எடுத்துச் செல்ல வேண்டியவை: ஒரு டார்ச் விளக்கு, சிறு கண்ணாடி, வெள்ளைத் துணி, ஒரு புட்டி மண்ணெண்ணெய், தூரிகை, சுண்ணக்கட்டி, நேரான இரும்பு ஸ்கேல். கூடுமாயின் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரையும் அழைத்துச் செல்லலாம். ஆனால் அவர் அக்கடைக்காரரால் அமர்த்தப்பட்டவராக இருக்கலாகாது.

1. வெளித்தோற்றம். கழுவிச் சாயம் பூசி வைத்த டர்போவைக் காட்டிலும், கழற்றியபடியே கரியும் எண்ணெயுமாக வைத்திருப்பதே விரும்பத்தக்கது. கழுவும்பொழுது அடையாளங்கள் அழிந்துபோகின்றன. வெள்ளிச் சாயம் வெடிப்புகளை மூடிவிடுகிறது. துளைகள் துணியினாலோ மூடியினாலோ அடைக்கப்படாமல் வெயிலிலும் மழையிலும் கிடந்ததை ஒதுக்க வேண்டும். உள்ளே துரு ஏறியிருக்கும்.

2. கம்ப்ரஸர் சக்கரம். டார்ச் ஒளியில் ஒவ்வோர் இலையாக எண்ணிப் பார்க்க வேண்டும். இலைகளின் முன்விளிம்பு கத்திபோல் நேராயிருப்பது நல்லது. விளிம்பு மழுங்கி, மெலிந்து, பல் பல்லாக அரிக்கப்பட்டிருந்தால் அந்த எஞ்ஜின் தூசி தின்றதென்று அறியலாம். ஓரிடத்தில் மட்டும் நெளிந்தோ உடைந்தோ இருந்தால் நட்டோ கல்லோ புகுந்ததென்று கொள்ளலாம். நெளிந்த இலையைக் குறட்டினால் நிமிர்த்தி விற்பதும் உண்டு. நிமிர்த்திய இலை முறியும். அன்றியும் சக்கரத்தின் சமநிலை கெட்டிருக்கும். அணுவளவு எடை வித்தியாசமும் அவ்வேகத்தில் பேரிங்கை நாசமாக்கும். நட்டின்மேலும் சக்கரத்தின் முதுகிலும் சிறிது அராவியிருப்பது சமநிலைக்காகத் தொழிற்சாலையிற் செய்ததேயாகும், அது குற்றமன்று.

3. டர்பைன் சக்கரம். இதன் இலைகளையும் அவ்வாறே பார்க்க வேண்டும். முனைகள் முறிந்திருப்பின், எஞ்ஜினுக்குள்ளிருந்து வால்வுத் துண்டோ பிஸ்டன் வளையத் துண்டோ வந்து மோதியிருக்கும். உலர்ந்த சாம்பல் நிறமோ பழுப்பு நிறமோ நல்ல குறி. ஈரமும் பிசுபிசுப்பும் கலந்த கரி, ஆயில் ஒழுகியதற்கு அடையாளமாம்.

4. சக்கரம் கூட்டில் உரசுதல். இரு சக்கரங்களையும் சுற்றியுள்ள கூட்டின் உட்சுவரில் விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். வட்டமாகப் புதிய கீறல்கள் பளபளத்தால், தண்டு ஆடிச் சக்கரம் கூட்டில் உரசியது என்பது நிச்சயம். இது ஒன்றே நிராகரிக்கப் போதுமான காரணம்.

5. தண்டின் ஆட்டம். இதிலேதான் வாங்குபவர்களும் சில மெக்கானிக்குகளும் மயங்குகின்றனர். ஆட்டம் இரு வகைப்படும். தண்டை அதன் நீளப்போக்கில் உள்ளும் வெளியுமாகத் தள்ளி இழுக்கும்பொழுது உள்ள ஆட்டம் ஒன்று. இது பெரும்பாலும் 0.1 மில்லிமீட்டருக்குள், அதாவது ஒரு சாதாரணக் காகிதத்தின் கனத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். கைக்கு டக்டக்கென்று தட்டுப்படுமாயின் உந்து பேரிங் தேய்ந்துவிட்டது. பக்கவாட்டில் மேலுங்கீழும் அசைக்கும்பொழுது உள்ள ஆட்டம் மற்றொன்று. ஆயிலில் மிதக்கும் புஷ்களாதலால், ஆயில் வடிந்துபோன டர்போவில் இவ்வாட்டம் கைக்குத் தெரியும்படியாகவே இருக்கும். இதைக் கண்டு நல்ல டர்போவை ஒதுக்கிவிடலாகாது. பரீட்சை யாதெனில், சக்கரத்தை ஒரு பக்கமாக விரலால் அழுத்திக்கொண்டே மெல்லச் சுற்றி, இலை முனை கூட்டில் எங்கேனும் தொடுகின்றதா என்று பார்ப்பதாம். எல்லாப் பக்கமும் அழுத்திப் பார்த்தும் தொடாவிடில் நன்று. லேத்துப் பட்டறையில் டயல் கேஜ் இருந்தால் இரு ஆட்டங்களையும் அளந்து, தயாரிப்பாளர் குறிப்பேட்டிலுள்ள அளவுடன் ஒப்பிடுவது மிகச் சிறந்தது.

6. சுழற்சி. விரலால் மெல்லச் சுற்றும்பொழுது கரகரப்பும் பிடிப்பும் இன்றிச் சுற்ற வேண்டும். வெகுநேரம் சுழல்வதனால் மாத்திரம் டர்போ நல்லதாகிவிடாது. தேய்ந்துபோன பேரிங்கும் உலர்ந்த நிலையில் வெகுநேரம் சுழலும். கெட்டியான ஆயில் உள்ள நல்ல டர்போ சீக்கிரம் நின்றுவிடும். சில கடைக்காரர்கள் பஞ்சர்க் கடைக் காற்றைச் சக்கரத்தின்மீது ஊதி, ஊதல் ஓசையுடன் சுழற்றிக் காட்டுவர். ஆயில் இன்றி அவ்வாறு சுழற்றுவது நல்ல பேரிங்கையும் கெடுப்பதாகும். அதனால் எதுவும் நிரூபிக்கப்படுவதுமில்லை. அவ்வாறு செய்ய அனுமதிக்கலாகாது.

7. ஆயில் துவாரங்கள். எல்லாப் பரீட்சைகளிலும் இதுவே மிகவும் பயன் தருவது. செய்வோர் மிகச் சிலரே. டர்போவைக் கவிழ்த்து, ஆயில் இறங்கும் பெரிய துவாரத்தின் வழியே டார்ச் ஒளியைப் பாய்ச்சினால் தண்டு கண்ணுக்குத் தெரியும். தண்டு இயற்கையான எஃகு நிறத்துடன் எண்ணெய்ப் பசையோடு காணப்பட வேண்டும். நீலநிறம் ஏறியிருந்தால் அது ஆயிலின்றிச் சுழன்று காய்ந்தது என்பது உறுதி. துவாரத்தைச் சுற்றிக் கெட்டியான கரி அடைபோற் படிந்திருந்தால், எஞ்ஜினைச் சூட்டோடு நிறுத்தும் வழக்கமுடையவர்கள் கையிலிருந்ததென்றும், ஆயிலைக் காலத்தில் மாற்றவில்லையென்றும் அறியலாம். வெள்ளைத் துணியை ஒரு குச்சியிற் சுற்றித் துடைத்தெடுத்து வெயிலிற் பிடித்தால், பொன் நிறத் துகள்கள் மின்னுகின்றனவா என்று தெரியும். மின்னினால் வெண்கலப் புஷ் கரைந்து வருகிறது.

8. ஆயில் ஒழுக்கு. கம்ப்ரஸர் வெளிவாயிலில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது சகஜம்; எஞ்ஜின் மூச்சுக்குழாய் ஆவியினால் அது உண்டாகும். ஆனால் விரலை விட்டால் வழியும்படி தேங்கியிருப்பது குற்றமாம். டர்போவிலுள்ள அடைப்பு ரப்பரால் ஆனதன்று. பிஸ்டன் வளையம் போன்ற சிறு எஃகு வளையமே. ஆகையால் “சீல் மாற்றிவிட்டால் சரியாகிவிடும்” என்ற வார்த்தையை நம்பி வாங்கக் கூடாது. தண்டு ஆடும் வரையில் எத்தனை வளையம் மாற்றினும் ஒழுகத்தான் செய்யும்.

9. வார்ப்புக் கூடுகள். புகை செல்லும் வார்ப்பிரும்புக் கூட்டில் வெடிப்புக் காணும் வழி பழைய கொல்லுப்பட்டறை முறையே. சந்தேகமுள்ள இடத்தை நன்கு துடைத்து, மண்ணெண்ணெய் தடவிச் சற்றுநேரம் ஊறவிட்டு, உலரத் துடைத்து, சுண்ணத்தூளைப் பூச வேண்டும். வெடிப்பு இருந்தால் அதனுட் புகுந்த எண்ணெய் சுண்ணத்தில் கோடாக ஊறித் தெரியும். புகை நுழையும் வாயிலின் நடுச்சுவரில் மயிரிழை போன்ற சிறு வெடிப்புகள் உஷ்ணத்தினால் நேர்வது சாதாரணம். வெளிச்சுவர் வரை ஊடுருவியதும், போல்ட் துவாரத்திற்கு ஓடியதுமான வெடிப்பு உள்ளதை ஒதுக்க வேண்டும். பிறகு பூட்டும் முகத்தின்மீது ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். முகம் கோணியிருந்தால் புகை கசியும். ஸ்டட் துவாரங்களின் மரை தேய்ந்திருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

10. வேஸ்ட்கேட். அழுத்தம் மிகும்பொழுது புகையை ஒதுக்கிவிடும் சிறு கதவு சில டர்போக்களில் உண்டு. அதன் கதவு ஒட்டிக்கொள்ளாமல் அசைய வேண்டும். அதை இயக்கும் டப்பாவினுள் ஓர் உதரவிதானம் உண்டு. அளவுமானியுள்ள கைப்பம்பினாற் சிறிது சிறிதாகக் காற்றேற்றினால், குறிப்பிட்ட அழுத்தத்தில் கோல் நகர்ந்து, காற்று இறங்காமல் நிற்க வேண்டும். பஞ்சர்க் கடைக் குழாயை நேரே வைத்தால் உதரவிதானம் கிழிந்துவிடும்.

ஓடும் எஞ்ஜினிற் பரீட்சித்தல்

டர்போ இன்னும் பழைய எஞ்ஜினிலேயே பூட்டப்பட்டிருக்குமாயின் அதைவிட நல்ல சந்தர்ப்பம் வேறில்லை. எஞ்ஜினை 10 நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு, பின் வேகத்தைக் கூட்ட வேண்டும். அப்பொழுது நீலப்புகை பெருமூச்சாக வெளிவந்து நின்றால், டர்பைன் பக்கத்தில் ஆயில் தேங்கியதாக ஐயுறலாம். சங்கு ஊதுவது போன்ற கூர்மையான ஓசை வேகத்தோடு ஏறி இறங்குமாயின் சக்கரத்தின் சமநிலை கெட்டிருக்கலாம், அல்லது குழாய் கசியலாம். எஞ்ஜினை நிறுத்தியபின் தண்டு திடீரென நிற்காமல் படிப்படியாக ஓய வேண்டும். ஓடும்பொழுது கையையோ துணியையோ கம்ப்ரஸர் வாய்க்கு அருகிற் கொண்டுசெல்லக் கூடாது.

கிரயமும் ரசீதும்

பழைய டர்போவின் விலையை மட்டும் நோக்காமல், அதற்கு இனிச் செய்ய வேண்டிய பழுதுச் செலவு, காஸ்கெட், ஆயில், பில்டர், பூட்டும் கூலி ஆகியவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூடுகள் நன்றாயிருந்து நடுப்பாகம் மட்டும் கெட்டிருந்தால், பட்டறைகளில் ‘கோர்’ என்று வழங்கும் நடுப்பாகத்தை மட்டும் புதிதாக வாங்கித் தன் பழைய கூடுகளிலேயே பொருத்திக்கொள்ளலாம். பல சமயங்களில் நிச்சயமற்ற பழைய டர்போவைக் காட்டிலும் இதுவே லாபகரமானது. மூன்று வகை விலைகளையும் விசாரித்தபின்னரே முடிவுக்கு வர வேண்டும்.

விற்பவரிடம் பாக எண்ணும் தேதியும் கண்ட ரசீது பெறுவது அவசியம். எஞ்ஜினிற் பூட்டிப் பார்த்துக் குற்றம் கண்டால் இத்தனை நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்வதாக அதில் எழுதி வாங்கலாம். எந்த வாகனத்தினின்று கழற்றப்பட்டதென்று சொல்ல மறுப்பவரிடம் வாங்கக் கூடாது. திருட்டுச் சாமானாயின் வாங்கியவரும் விசாரணைக்குட்பட நேரும். கூட்டுறவுச் சங்கத்துக்கோ வாடகை யந்திர நிலையத்துக்கோ வாங்கும் பொழுது, மேற்கண்ட 10 பரீட்சைகளின் முடிவையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கையொப்பமிட்டு, ரசீதுடன் வைத்துக்கொள்வது பொறுப்பாளர்களுக்குப் பாதுகாப்பாகும்.

பூட்டும்பொழுது கவனிக்க வேண்டியவை

நல்ல டர்போவும் பூட்டிய முதல் நிமிஷத்திலேயே கெட்டுப்போவதுண்டு. பூட்டுமுன் எஞ்ஜின் ஆயிலையும் ஆயில் பில்டரையும் ஏர் பில்டரையும் மாற்ற வேண்டும். டர்போவுக்கு ஆயில் வரும் சிறு குழாயைக் கழற்றிக் கழுவ வேண்டும். உள்ளே கரி அடைத்திருந்தால் புதியது போடுவது நலம். ஆயில் வழிகளில் காஸ்கெட் பசை தடவலாகாது. பிதுங்கிய பசைத் துணுக்குகள் துவாரத்தை அடைத்துப் பேரிங்கைப் பட்டினி போட்டுவிடும். ஆயில் இறங்கும் குழாய் நேர்கீழாக, மடிப்பின்றி அமைய வேண்டும். முந்திய டர்போ உடைந்திருந்தால், அதன் துண்டுகள் காற்றுக் குழாய்களிலும் இன்டர்கூலரிலும் தங்கியிருக்கும். அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்தாலன்றிப் பூட்டக் கூடாது.

பின்பு மேல் துவாரத்தில் சுத்தமான ஆயிலை ஊற்றிச் சக்கரத்தைக் கையாற் பலமுறை சுற்ற வேண்டும். எஞ்ஜின் பற்றாதபடி நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இறங்கு குழாயில் ஆயில் வரும் வரை விட்டு விட்டு ஸ்டார்டரைச் சுற்ற வேண்டும். அதன்பின் ஸ்டார்ட் செய்து சில நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு, கசிவு இல்லையென்று கண்ட பிறகே பாரம் கொடுக்கலாம். தினந்தோறும் வேலை முடிந்ததும் 3 முதல் 5 நிமிஷம் வெறுமனே மெதுவாக ஓடவிட்டு நிறுத்தும் பழக்கத்தை ஓட்டுநருக்கு ஏற்படுத்த வேண்டும். சூட்டோடு நிறுத்தினால் நின்ற ஆயில் பேரிங்கிலேயே கருகிக் கரியாகும்.

ஓர் எச்சரிக்கை

டர்போவின் பேரிங் முற்றிலும் கெட்டால், ஆயில் காற்றுக் குழாய்க்குள் மிகுதியாகப் பாயும். டீசல் எஞ்ஜின் அந்த ஆயிலையே எரித்து, டீசலை நிறுத்தியும் நிற்காமல், கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்புவதாலும் கம்பியை இழுப்பதாலும் அது அடங்காது. டிராக்டரில் ஓட்டுநர் ஆசனத்திலேயே இருக்க நேர்ந்தால், முன்னால் ஆளும் தடையும் இல்லாதிருந்தால், பெரிய கியரிற் போட்டுப் பிரேக்கை முழுவதும் அழுத்திக் கிளட்சை விட்டு எஞ்ஜினை அடைத்து நிறுத்த முயலலாம். காற்று நுழையும் வாயை உறுதியான பலகையினால் முழுவதும் மூடுவதும் ஒரு வழியே. கையாலோ துணியாலோ மூடக் கூடாது. உறிஞ்சப்பட்டு விபத்து நேரும். இரண்டிற்கும் வழியில்லாவிடில் எல்லோரும் விலகி நிற்பதே புத்தி. எஞ்ஜின் சிதறினாற் பறக்கும் துண்டு உயிரைப் போக்கவல்லது. யந்திரம் போனால் வேறு வாங்கலாம். தேய்ந்த டர்போவை மலிவென்று பூட்டுவதில் உள்ள அபாயம் பணத்தோடு முடிவதில்லை என்பதை இதனால் உணரலாம்.

முடிவாக, பழைய டர்போசார்ஜரை வாங்கக் கருதும் விவசாயிகள், முதலில் தம் எஞ்ஜினிலுள்ள குற்றத்தைக் கண்டு நீக்கி, எண்ணை ஒப்பிட்டு, இலைகளையும் தண்டையும் ஆயில் துவாரத்தையும் நிதானமாகப் பார்த்து, ஒன்றில் ஐயம் தோன்றினும் விலை எவ்வளவு குறைவாயிருப்பினும் விட்டுவிட வேண்டும். இப்பரீட்சைகள் அனைத்தையும் அரைமணி நேரத்திற் செய்து முடிக்கலாம். அந்த அரைமணி நேரத்தைக் கொடுக்கச் சம்மதியாத கடைக்காரரிடம் வாங்காமல் வருவதே லாபம்.